காளியம்மா பால் திரிந்த வருஷம்

மலாயாவில், மூவார் ஊரின் ஆற்றங்கரைக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் காளியம்மா யாரையும் நம்பியதில்லை. கோயில் பூசாரி நீட்டும் விபூதியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவாள். நான் தைத்துக் கொடுத்த ரவிக்கையைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, மிச்சத் துணி எங்கே என்று கேட்பாள். சந்து முனையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அவள் தினப்படித் தலைவலி.

சந்தும் அவளை நம்பவில்லை. புருஷன் ஐயாசாமி மாட்டுவண்டி ஓட்டியவன். காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பசுவையும் ஒரு கிழட்டுக் காளையையும் விட்டுப் போனான். பால் ஊற்றித்தான் அவள் பிழைத்தாள். பால் தண்ணியாக இருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கையைப் பிடித்துத் தொழுவத்துக்கு இழுத்துப் போய், காளையின் முதுகில் அடித்துச் சத்தியம் செய்வாள்.

"ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருந்தா இந்த வாயில்லா ஜீவன் என்னைக் கேக்கட்டும்!"

பால் கறக்கும் பசு பக்கத்திலேயே நிற்க, எதற்குக் காளைமேல் சத்தியம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

சந்தின் நடுவில் ஒரு கிணறு இருந்தது. கடல் பக்கத்து ஊர். ஆற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அரசாங்கக் குழாய் பெரிய கடைத்தெருவோடு நின்றுவிட்டது. குடிக்க, சமைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட எங்களுக்கு அந்தக் கிணறுதான். அது போனால் சந்தே போனமாதிரி.

ஐரோப்பாவில் பெரிய சண்டை ஓய்ந்து சில வருஷங்கள் கழித்து, சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. ஊர் உண்டானபோது ஆற்றோரம் கட்டிய பழைய மரக்கடைகளை இடித்துவிட்டு, மாடிவைத்த சந்தைக் கட்டிடம், கிடங்கு, கப்பல்துறை எல்லாம் ஒன்றாக எழுப்பப் போகிறார்களாம். கம்பெனிக்கு ராஜசேகரன் என்று ஒரு தமிழ் ஆள். கோட்டும் தொப்பியுமாக வந்து, சுருட்டிய படம் ஒன்றை என் மிஷின்மேல் விரித்தான். வெள்ளைக் கட்டிடம், கரண்டு விளக்குகள், குடை பிடித்த சீமாட்டிகள். சந்தே கூடி வாயைப் பிளந்து பார்த்தது.

காளியம்மா மட்டும் படத்துக்குள் மூக்கை நுழைத்துத் தேடினாள்.

"இதுல நம்ம சந்து எங்க?"

"இந்தா, இந்த ஓரத்துல."

"அங்க மரமில்ல வரைஞ்சிருக்கு?"

"அழகுக்குப் போட்டதும்மா. உங்க வீட்டுக்கோ கிணத்துக்கோ ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு நான் கேக்கவே இல்லையே. நீயா ஏன் சொல்றே?"

ராஜசேகரன் சிரித்துக்கொண்டே படத்தைச் சுருட்டினான். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் துணி வெட்டும் வேலை கிடக்க, வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அஸ்திவாரத்துக்காக எங்கள் சந்துக்கும் ஆற்றுக்கும் இடையில் நீளமாகப் பள்ளம் தோண்டினார்கள். கடல் பெருக்கில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் ஆறு அந்தப் பள்ளத்துக்குள் வந்து நின்றது. அன்றிலிருந்து காளியம்மா காலையில் கிணற்றடியில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள், முகத்தைச் சுளிப்பாள்.

"டைலரண்ணே, கரிக்குது."

நான் குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விபூதியையே சந்தேகப்படுகிறவள் சொன்னால் யார் காதில் வாங்குவார்கள்? போய் மாட்டைப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் ஒரு பௌர்ணமிப் பெருக்கு வந்தது. மறுநாள் காலை, எதிர்வீட்டுத் தனலெட்சுமி கையில் பால் சட்டியோடு தெருவில் நின்று கத்தினாள்.

"இங்க பாரு! அடுப்புல வெச்சதும் திரிஞ்சு போச்சு. பிள்ளைக்கு எதை ஊத்துவேன்? இன்னிக்கு என்னத்தைக் கலந்தே?"

அவள் வீட்டில் மட்டுமல்ல. என் வீட்டில், கோயிலில், காப்பிக் கடையில், காளியம்மா ஊற்றிய அத்தனை பாலும் திரிந்திருந்தது. வழக்கமாக இப்படி ஒரு பேச்சு வந்தால் ஊரே அதிரக் கத்துகிறவள், அன்றைக்குத் தனலெட்சுமியின் சட்டியில் விரலைவிட்டு நாக்கில் வைத்தாள். முகம் செத்துப்போனது. "சட்டிய ஒழுங்கா கழுவியிருக்க மாட்டே" என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு வாரத்துக்குள் எங்கள் நாக்குக்கும் கரிப்பு லேசாகத் தட்டியது. பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. பள்ளத்தால் கிணறு கெடுகிறது என்று ஐந்தாறு பேர் அரசாங்க ஆபீசில் போய் முறையிட்டோம். விசாரிக்க ஒரு மலாய் அதிகாரி வந்தார், நிதானமான மனிதர். ஆனால் அந்த வாரம் பூராவும் நல்ல மழை; கிணற்றில் மேலாக நின்றதெல்லாம் மழைத் தண்ணீர். அவர் ஒரு கோப்பை குடித்துப் பார்த்து, "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். ராஜசேகரன் பக்கத்திலேயே நின்று, நாங்கள் ஒன்று சொன்னால் அதை மலாயில் வேறு ஒன்றாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான்; எங்கள் கடைத்தெரு மலாயை அதிகாரி முன்னால் பேச எங்களுக்குக் கூச்சம். ஆற்றோரக் கிணறென்றால் எப்போதுமே கொஞ்சம் கரிக்குமாம். நாங்கள் கம்பெனியிடம் எதையாவது கறக்கப் பார்க்கிறோமாம்.

அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார். கிளம்பப் போகிறார் என்று தெரிந்தது. எங்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

"துவான், பால் திரிஞ்சுது" என்று அதிகாரியை மறித்தாள் காளியம்மா.

ராஜசேகரன் சிரித்தான். "பால் திரிஞ்சா மாட்டைக் கேளும்மா. கிணத்தை ஏன் கேக்கிறே?"

சந்து முழுக்க அவளைப் பார்த்தது. அவள் தனலெட்சுமியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று. சொல்லாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது.

ராஜசேகரன் மொழிபெயர்க்க வாயெடுத்தான். "நீ சும்மா இரு. நானே சொல்லிக்கிறேன்" என்று அவனை அடக்கிவிட்டு, தன் கடைத்தெரு மலாயில் நேராக அதிகாரியிடம் சொன்னாள். சந்தில் அந்த மலாய் புரியாதவர் ஒருவரும் கிடையாது. தினமும் இந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாலில் ஊற்றுகிறேன் என்றாள். புருஷன் செத்ததிலிருந்து ஊற்றுகிறேன், ஒரு நாளும் பால் திரிந்ததில்லை, அந்தப் பள்ளத்தில் ஆறு ஏறிய பிறகுதான் திரிகிறது என்றாள்.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தான் காப்பிக் கடைக்காரன்.

அதிகாரி எழுந்திருக்கவில்லை. எல்லார் கண்முன்னாலும் பசுவைக் கறக்கச் சொன்னார். தனலெட்சுமி வீட்டு அடுப்பில் இரண்டு சட்டிகள் ஏறின. ஒன்றில் வெறும் பால். இன்னொன்றில் வாளியை அடிமட்டம் வரை இறக்கி இழுத்த கிணற்றுத் தண்ணீரும் பாலும். முதல் சட்டி பொங்கியது. இரண்டாவது கட்டி கட்டியாகத் திரிந்து நின்றது. அதிகாரி அதைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு ராஜசேகரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரிப்பைக் காணோம்.

பள்ளத்துக்கு ஆற்றுப்பக்கம் கல்சுவர் எழுப்பும்வரை வேலை நின்றது. கம்பெனி செலவில் எங்கள் சந்துக்குக் குழாய் வந்தது. குழாயைத் திறந்த அன்று பெண்கள் குலவையிட்டார்கள். தேங்காய் உடைத்தவள் தனலெட்சுமி. காளியம்மாவை ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு மாட்டுக்குப் புல் அள்ளிப் போடப் போனாள்.

அதற்குள் சந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பால்காரரிடம் வாங்க ஆரம்பித்திருந்தது. அவர் பாலும் ஒன்றும் கெட்டியில்லை. ஆனால் அவர் எதையும் ஒத்துக்கொண்டதில்லையே! காளியம்மாவின் செம்பைக் கண்டதும் கதவுகள் சாத்திக்கொண்டன. நன்றி கெட்ட ஜனங்கள். கையில் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டே அவளைக் கள்ளி என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு மூன்று பேரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டேன்.

ஒரு காலையில் அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. காளையை அதற்கு முன்பே விற்றிருந்தாள்.

"டைலரண்ணே, பால் வேணுமா? தண்ணி ஊத்தல."

"ஊத்துங்க தங்கச்சி. நீங்க இல்லாட்டி இந்தச் சந்து இன்னிக்கு ஏது?" என்றேன். மனதாரச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. அளவுக்குமேல் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனாள்.

சட்டியை வீட்டுக்குள் கொண்டுபோனேன். என் மனைவி அடுப்பில் ஏற்றிவிட்டு, அங்கே இங்கே நகராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் திரியவில்லை, பொங்கி வந்தது. கடையில் ஆள் காத்திருந்தார்; நானும் அதுவரை அடுப்படியை விட்டுப் போகவில்லை.