ஃபோல்டருக்கு ஒரு முழு வாக்கியம்

ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை நெடுங்கதை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைக்கச் சொன்னால் முழு வாக்கியமே எழுதிவிடுவாள். 'பெண்ணின் சித்தப்பா கோபித்துக்கொண்டு போவதற்கு முன் எடுத்தவை' என்று ஒன்று. அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் ஒன்று. சுருக்கினால் எது எதுவென்று தனக்கே தெரியாது என்பது அவள் கட்சி.

சொந்தத் தங்கையின் கல்யாண வரவேற்பில் அந்தக் கட்சிக்குச் சோதனை வந்தது. கல்யாணப் படங்களைத் திரையில் ஓட்டுவது அவள் பொறுப்பு. "மாமியார் ரொம்பக் கறார்க்கா. பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது. மானத்த வாங்கிடாத," என்று தங்கை கெஞ்சியிருந்தாள். மண்டபம் நிறைந்துவிட்டது. லேப்டாப்பில் ஃபோல்டர்கள் தெரிகின்றன. உள்ளே ஒரு படமும் திறக்கமாட்டேன் என்கிறது.

விருந்துக்கு வந்திருந்த ஸ்டுடியோ முதலாளி எட்டிப் பார்த்தார்.

"படம் எங்கயும் போகலம்மா, டிஸ்க்ல பத்திரமா இருக்கு. வெளி ஃபோல்டர்லேருந்து உள்ள வரைக்கும் எல்லாப் பேரையும் கோத்துத்தான் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்துக்கும் விலாசம் எழுதும். அந்த நீளத்துக்கு ஒரு அளவு உண்டு, தாண்டினா தொறக்காது. வெளி ஃபோல்டர் பேர மறுபடி நீட்டினியா?"

"நேத்து கொஞ்சம்."

"உன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா? பேரச் சுருக்கு, எல்லாம் தொறக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அ, ஆ, இ என்று சுருக்கித் தள்ளினாள். படங்கள் சமர்த்தாகத் திறந்தன. ஆனால் நல்ல படங்கள் ஆ-வா, கழித்துக்கட்டியவை ஆ-வா? யோசிக்க ஏது நேரம். ஆ-வை ஓடவிட்டாள்.

முதல் படத்தில் மாப்பிள்ளை தும்மினார். அடுத்ததில் தங்கை கொட்டாவி விட்டாள். மூன்றாவதில் அந்தக் கறார் மாமியார் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எல்லோர் பார்வையும் மாமியார் பக்கம் திரும்பியது. நெடுங்கதை பாய்ந்து படத்தை நிறுத்தினாள்.

மேடையில் தங்கை பக்கத்தில் நின்ற மாமியாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தூங்கற படத்த மறுபடி போடும்மா. இவர் பாக்கல," என்று கணவரை இடித்தார்.

அவ்வளவுதான், மண்டபமே சிரிப்பில் உருண்டது. மேடையில் கண் மையெல்லாம் கரையச் சிரித்த தங்கை, "ஐயோ அத்தை, என்னால முடியல," என்று அந்தத் தோளிலேயே சாய்ந்துவிட்டாள்.