சிவப்பு விரிப்பில் ஒரு கசிவு

எங்கள் பட்டறையில் அவரை எல்லோரும் 'வாஷர்' என்றுதான் கூப்பிடுவோம். தரைவிரிப்பு கழுவும் மெஷின் எங்கே ஒழுகினாலும் அவர்தான் போவார். துவைக்க எடுத்த சட்டையை உதறினால் பையிலிருந்து ரப்பர் வாஷர் வளையங்கள் கொட்டும். "உனக்கு வர்றவ சல்லடையோடதான்டா துணி துவைக்க உக்காரணும்" என்பாள் அவருடைய அக்கா. நாற்பது தாண்டியும் யாரும் வரவில்லை. அவரும் தேடிப் போகவில்லை.

ஒரு நாள் காலை சினிமா தியேட்டர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே துப்புரவு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஓரத்து விளக்குகள் மட்டும் எரிந்தன. நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தூங்குவதுபோல் இருந்தன. ஈரக் கம்பளி வாசம். சிவப்பு விரிப்பில் கால் வைத்தால் சத்தமே எழவில்லை. ஏதோ கனவுக்குள் வந்து நிற்பதாக அவருக்குத் தோன்றியது.

"இங்கதாங்க சொட்டுது" என்று அவள் மெஷினைக் காட்டினாள். தண்ணீர் ஹோஸ் வந்து சேரும் பித்தளை இணைப்பு நனைந்திருந்தது. கழற்றிப் பார்த்தார். உள்ளேயிருந்த வளையம் நசுங்கிக் கிடந்தது. புதியதைப் போட்டு, கிரீஸ் தடவி, பம்பை ஓடவிட்டார். சொட்டவில்லை.

சில நாட்களில் மறுபடியும் அழைப்பு. அதே இடம். இம்முறை இணைப்பையே மாற்றினார். அதுவும் நிலைக்கவில்லை. தன் கைபட்ட மெஷின் இப்படித் திரும்பத் திரும்ப ஒழுகியதில்லை என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா மட்டும் சிரித்தாள்.

"ஏன்டா, அது தானா ஒழுகுதா, இல்ல யாராச்சும் ஒழுக விடறாங்களா?"

அந்தக் கேள்வி அவர் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை கிளம்பும்போது சட்டைக்கு இஸ்திரி போட்டார். கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். தியேட்டருக்குப் போனதும், தரையைப் பார்த்தபடி கேட்டும்விட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. இதை நீங்க ஏதாவது தளர்த்தி விடறீங்களா?"

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "எதுக்குங்க? சொட்டற தண்ணியையெல்லாம் நான்தானே துடைச்சு மாளறேன்?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மெஷினைத் துடைத்துக் காயவைத்தார். மேல்மூடியைக் கழற்றி, பம்பை ஓடவிட்டு, விரிப்பிலேயே ஒருக்களித்துப் படுத்தார். அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பம்பின் ரீங்காரம் தாலாட்டுபோல் அரங்கெங்கும் பரவியது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேருக்கும் கண் செருகியது.

பம்பு சூடேறிய பிறகுதான் தெரிந்தது. பம்பின் தலையில் மயிரிழை போல ஒரு விரிசல். சூட்டில் அது மெல்ல வாய்திறக்க, தண்ணீர் ஹோஸைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, இணைப்பில் திரண்டது. துளிக்குள் டார்ச் வெளிச்சம் ஒரு கணம் தங்கி, கீழே விழுந்தது.

"அழகா இருக்குல்ல?" என்றாள் அவள்.

எத்தனையோ கசிவு பார்த்தவர். ஒன்றையும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. "ஆமாங்க" என்றார்.

மறுநாள் பம்பின் தலையை மாற்றினார். மாலைவரை ஓட்டிப் பார்த்தும் அடியில் விரித்த காகிதம் காய்ந்தே இருந்தது. கருவிகளைப் பைக்குள் ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே நிதானமாக அடுக்கினார்.

"இனிமே ஒழுகாதுங்க."

"அப்போ வர மாட்டீங்க."

"கூப்பிட்டா வருவேன்."

"என்னன்னு கூப்பிடறது?"

காரணத்தைக் கேட்கிறாளா, பெயரைக் கேட்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. "வாஷர்னு மட்டும் கூப்பிடாதீங்க" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்காதான் போய்ப் பேசி முடித்தாள். மழை பெய்த ஒரு நாளில், எங்கள் பட்டறைக்காரர்கள் சூழ நிற்க, கல்யாணம் நடந்தது.

கூட்டமில்லாத பிற்பகல்களில் தியேட்டர்காரர் இரண்டு பேரையும் சும்மா உள்ளே விடுவார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள். அவர் அசையாமல் படத்தைப் பாதியும் அவளைப் பாதியுமாகப் பார்ப்பார். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் கதையை அவளுக்குச் சொல்வார், பாதியைத் தானே கற்பனை செய்து.