முப்பத்தொன்றாம் தேதி மதியம்

இது பட்டப்பகலில் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் யாரோ மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வேளையில்தான் பூமாவுக்கு இது நடந்தது.

பூமா கற்பனை பண்ணிப் பேசத் தெரியாதவள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். எதிரில் இருக்கும் தாளில் உள்ளதை உள்ளபடி அடிப்பது அவள் தொழில். ஓர் எழுத்தைக் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். இதையும் அப்படித்தான் சொன்னாள்.

எழுபத்திநாலாம் வருஷம், பங்குனி மாதம். அவள் வேலை அதுவரை தற்காலிகம். "ஏப்ரல் ஒண்ணு, திங்கட்கிழமை. நேர்ல வந்து ஆர்டர்ல கையெழுத்துப் போட்டா நிரந்தரம். வரலேன்னா அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கப்படாது" என்று மானேஜர் ஜகந்நாதன் சொல்லிவிட்டார். திருவள்ளூரில் அண்ணன் ஸம்பத்குமாரும் அதே தேதிக்குத்தான் காத்துக்கொண்டிருந்தான். வேலை நிரந்தரமானால் இருக்கட்டும். ஆகாவிட்டால் வீட்டுக்கு வந்து, பார்த்துவைத்த வரனுக்குத் தலையை நீட்டவேண்டும். இதுதான் அண்ணன் தங்கைக்குள் இருந்த ஒப்பந்தம்.

அந்த மார்ச் மாதத்தின் நடுவில் பூமாவுக்கு அம்மை போட்டது.

ஊருக்குப் போக வழியில்லை. அப்பாவுக்குக் கோயிலில் கைங்கர்ய முறை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் அம்மையோடு வீட்டுக்குள் போனால் அவர் சந்நிதிக்குள் நுழைய முடியாது. வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி கங்கம்மா, கொல்லைப்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தாள். வாசலில் வேப்பிலை சொருகினாள். மருமகள் பிள்ளைத்தாச்சி என்பதால் தானும் உள்ளே வரமாட்டேன் என்றாள். ஜன்னல் கட்டையில் தயிர்சாதமும் இளநீரும் வைத்துவிட்டு நாலு எட்டு தள்ளிப்போய் நின்றுகொண்டு பேசுவாள். நாய், கோழி நுழையாமல் இருக்கவேண்டுமென்று கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்திலேயே கொல்லைக் கழிவறைக்குப் போக ஒரு சின்ன வழி. அங்கிருந்து வெளியே போக முடியாது. சுற்றிலும் சுவர்.

"ரெண்டு விசயம் நெனப்பு வெச்சிக்கோம்மா" என்றாள் கங்கம்மா. "ஆத்தா வந்து குந்திக்கினு இருக்கா. அவளா எழுந்து போறவரிக்கும் இன்னா நாளு, இன்னா தேதின்னு கேக்கக் கூடாது. எப்ப போவேன்னு வெரட்டுற மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, அம்மை ஊட்லேர்ந்து எதையும் வெளிய குடுக்கக் கூடாது. உப்பு, நெருப்பு, பச்சத் தண்ணி... எது கேட்டாலும், யாரு கேட்டாலும்."

இரண்டாவதை பூமா காதிலேயே வாங்கவில்லை. இந்த அறையில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? முதலாவதுதான் அவளை வதைத்தது.

காய்ச்சலில் தூங்கி விழிப்பாள். ஜன்னலில் வெயில் இருக்கும். அது காலை வெயிலா, சாயங்கால வெயிலா? மறுபடி தூங்குவாள். மறுபடி வெயில். நடுவில் ஓர் இரவு போயிற்றா, இல்லையா? கம்பெனிச் சங்கு ஊதும். நான்கு முறை ஊதினால் ஒரு நாள் என்று கணக்கு வைத்தாள். ஒரு தடவை தூக்கத்தில் விட்டுப்போயிற்று. அதோடு கணக்கு மொத்தமும் போயிற்று.

"மாமி, தேதி மட்டும் சொல்லிடுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உஸ்ஸ்... ஆத்தா காதுல உளுந்துடப் போவுது."

"எனக்கு வேலை போயிடும் மாமி!"

"உசுரு இருந்தா வேல வரும். இளநீரக் குடி."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள் பூமா. வலியில் அழவில்லை, கோபத்தில். உலகத்தில் எல்லாருடைய வீட்டுச் சுவரிலும் தொங்குகிற ஒரு சின்ன விஷயம். தெருவில் போகிற யாருக்கும் தெரிந்த விஷயம். அதை ஒருத்தரும் அவளுக்குச் சொல்லமாட்டார்கள். தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவதாகத் தோன்றும். எந்த நாளில் இருக்கிறோம் என்று தெரியாதவள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

மதியச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். கதவு திறந்தது. கையில் செம்போடு, ஈரப் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பின்னால் வெயில். முகம் தெரியவில்லை.

தண்ணீர் ஊற்ற வந்தவள் என்று பூமா நினைத்தாள். அம்மை இறங்கும்போது, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரை, ஏற்கனவே அம்மை கண்டு எழுந்த ஒருத்திதான் ஊற்றவேண்டும். கங்கம்மா யாரையோ ஏற்பாடு செய்திருக்கிறாள். முற்றத்தில் தண்ணீர் அண்டா காய்வதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அந்தப் பெண் பேசாமல் ஊற்றினாள். பூமாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வெயிலில் காய்ந்த தண்ணீர்... இவ்வளவு குளிர்ச்சியாகவா இருக்கும்?

அதை யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. "இன்னிக்கு என்ன தேதி?" என்றாள்.

"முப்பது."

அவ்வளவு சுலபமாக! பூமாவுக்கு அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாளும் வந்தாள். அன்று சங்கு ஊதவில்லை. "முப்பத்தொண்ணு" என்றாள் கேட்பதற்கு முன்பே. தண்ணீர் ஊற்றினாள். பிறகு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"வேலைக்கா போறே?"

"ஆமாம்."

"எங்க உக்காருவே? பக்கத்துல யாரு?"

பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பூமா கொட்டித் தீர்த்தாள். ஜன்னலோர மேஜை. பக்கத்தில் சாராள், மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருகிறவள், வாய் ஓயாதவள். வாசலில் வாட்ச்மேன் அப்பாவு, 'டைப்பம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஆர்டர், கையெழுத்து, அண்ணன்... எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டாள்.

"உள்ளயே இருந்தா நாளு போறது தெரியாது இல்ல?" என்றாள்.

"நகரவே மாட்டேங்கறது."

அந்தப் பெண் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் நாள்ல எனக்கு ஒண்ணு ரெண்டு தர்றியா?"

பூமா சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்கு அப்புறம் ஒரு சிரிப்பு! "தாராளமா எடுத்துக்கோங்கோ. இங்கே நான் வச்சுண்டு என்ன பண்றேன்?"

அந்தப் பெண் எழுந்து போனாள். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை... இது பூமாவுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அடுத்து அவள் வந்தபோது பூமா படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. பொருக்குகள் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தன.

"இன்னிக்கு ஒண்ணுதானே? நான் போகணும். கதவைத் திறந்து வைங்கோ."

"முப்பத்தொண்ணு."

"நேத்துன்னா முப்பத்தொண்ணு?"

"நேத்து ஏது? கனாக் கண்டிருப்பே. நாளைக்குத்தான் ஒண்ணு. தூங்கு."

குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுந்தது. கனவுதானோ? இருக்கும். இந்த அறையில் எது கனவு, எது விழிப்பு என்று அவளுக்கு எப்போது தெரிந்திருக்கிறது? தூங்கிப்போனாள்.

வெயில். இருட்டு. மறுபடி வெயில்.

சங்கு ஊதியது. கதவு திறந்தது.

"முப்பத்தொண்ணு" என்றாள் அந்தப் பெண். "நாளைக்குத்தான் ஒண்ணு."

பூமா கணக்குப் போட்டாள்.

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. மானேஜர் சொன்னது. அப்படியானால் முப்பத்தொன்று... ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது. சங்கு கிடையாது.

இப்போது ஊதியதே...

"சங்கு ஊதித்தே" என்றாள் பூமா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லே."

அந்தப் பெண் செம்பைத் தூக்கினாள்.

"நீங்க யாரு?"

செம்பு சாய்ந்தது. தண்ணீர் விழுந்தது. சில்லென்று... தலையில், தோளில், முதுகில்.

பூமா தரையைப் பார்த்தாள்.

தரை காய்ந்துகிடந்தது.

அந்தப் பெண்ணின் தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டும் கீழே வந்து சேரவில்லை.

"நாளைக்குத்தான்... தூங்கு..."

"மாமீ!"

அலறினாள் பூமா. "மாமீ! மாமீ!"

கதவு மூடியிருந்தது. அவள் கத்துவதற்கு முன்பா, பின்பா... தெரியவில்லை. அறையில் யாரும் இல்லை.

'க்ரீச்'சென்று வெளித் தாழ்ப்பாள் விலகியது. அது வரைக்கும் போட்டபடியே இருந்திருக்கிறது! கங்கம்மா வாசலில் நின்றாள்.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு?"

"தண்ணி ஊத்த வர்றாளே... அவ யாரு?"

"தண்ணியா? இன்னும் மொதத் தண்ணியே ஊத்தலியே. முத்தம்மா ஆரணிக்குப் போய்க்கீறா. அவ வந்தாத்தான்..."

கங்கம்மாவின் பேச்சு நின்றது. அவள் கண் பூமாவின் தலையில் நின்றது. முடி நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. கங்கம்மா திரும்பி முற்றத்து அண்டாவைப் பார்த்தாள். தளும்பத் தளும்பத் தண்ணீர். மேலே வேப்பிலை கலையாமல் மிதந்தது.

"தேதி சொல்லுங்கோ மாமி. இப்பவாவது சொல்லுங்கோ."

"ரெண்டும்மா" என்றாள் கங்கம்மா, கேட்கக் கூடாது என்றதை மறந்து. "செவ்வாக்கெழம."

பூமா செருப்பு மாட்டவில்லை. தலை வாரவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டினால் கம்பெனி. ஓடினாள். வேலை போய்விட்டது, போய்விட்டது என்று ஒவ்வோர் எட்டுக்கும் சொல்லிக்கொண்டே ஓடினாள். பயத்தையும் மீறி ஆத்திரம் வந்தது. யாரோ ஒருத்தி அவளைத் தூங்கவைத்து, அவள் வாழ்க்கையின் இரண்டே இரண்டு முக்கியமான நாட்களை...

கேட்டில் அப்பாவு பீடியை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "இன்னா டைப்பம்மா, இப்பத்தானே உள்ள போனீங்க? எந்தப் பக்கமா வெளிய வந்தீங்க?"

பூமா நிற்கவில்லை.

ஆபீஸ் அறையில் சாராள் மட்டும் இருந்தாள். பூமாவைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அய்யோ, இன்னாடி மூஞ்சியெல்லாம்? காலைல மழுமழுன்னு இருந்துச்சே!"

"காலைலயா? சாராள், நான் இப்பத்தான் வரேன். அம்மை போட்டுப் படுத்திருந்தேன்."

"போடி. ஏப்ரல் ஒண்ணு நேத்தே போயாச்சு, இன்னிக்கி வந்து என்னை முட்டாளாக்குறே. லீவு முடிஞ்சி வந்து ரெண்டு நாளா பக்கத்துல குந்திக்கினு வாயே தொறக்கல. சாப்பாட்டுச் சங்கு ஊதுனா எழுந்து எங்கியோ போயிடறே. திரும்பி வந்தா தலையெல்லாம் ஈரம். எங்க போய்க் குளிச்சிட்டு வர்றேன்னு கேட்டா பதில் இல்ல. இப்ப வந்து படுத்துக்கினு இருந்தேன்ற."

பூமா தன் மேஜையைப் பார்த்தாள். மெஷினில் பாதி அடித்த தாள் இருந்தது. நாற்காலியின் பிரம்பு நனைந்திருந்தது.

மானேஜர் அறைக்குள் போனாள். ஜகந்நாதன் தலை நிமிரவில்லை. "என்னம்மா?"

"சார்... ஆர்டர்..."

"அதான் நேத்திக்கே கையெழுத்துப் போட்டாச்சே. இனிமே யாரும் உன்னை அசைக்க முடியாது. போய் வேலையைப் பாரு."

வேலை கிடைத்துவிட்டது. அண்ணனோடு மல்லுக்கட்டி, மாதக்கணக்கில் கைவலிக்க அடித்து, அவள் கேட்டது இந்த ஒரு வரியைத்தான். அது வந்தபோது அவள் இல்லை. அவளுக்குப் பதிலாக வேறு யாரோ நின்று வாங்கியிருக்கிறார்கள். சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா, போட்டால் யாரிடம் என்று ஒன்றும் புரியாமல், அந்த ஈர நாற்காலியில் உட்காரவும் முடியாமல், சாயங்காலச் சங்கு ஊதும்வரை நின்றுகொண்டே அந்தத் தாளை அடித்து முடித்தாள்.

வெளியே வரும்போது அப்பாவு தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"டைப்பம்மா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? நேத்து சாங்காலம் ஏன் அப்பிடி அழுதீங்க?"

"நானா?"

"நீங்கதான். இதே எடத்துல நின்னு, 'இது என்ன வருஷம்'னு கேட்டீங்க. தேதியத்தான் கேக்குறீங்களாக்கும்னு ஒண்ணாந்தேதின்னேன். 'வருஷம், வருஷம்'னீங்க. எழுபத்திநாலுன்னு சொன்னேன். வெரல மடக்கி எண்ணுனீங்க. ரெண்டு கையும் முடிஞ்சி மறுபடியும் மொதல்லேர்ந்து மடக்குனீங்க. மறுபடியும். அப்பறம் ஓன்னு அழுதீங்க."

அப்பாவு ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதோட உட்டீங்களா? என் பேச்ச நம்பல. ரோட்டுக்குப் போய், சைக்கிள்ல போறவன், பஸ்ஸுக்கு நிக்கிறவன், ஒருத்தர் பாக்கியில்லாம நிறுத்தி நிறுத்திக் கேட்டீங்க. எல்லாரும் எழுபத்திநாலுன்னுதாம்மா சொன்னாங்க. இருட்டுற வரிக்கும் கேட்டுக்கினே இருந்தீங்க."