எப்போதும் இதிலேயே திற

மனைவி சவுதிக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிறகு, நத்தம் ரோட்டு வாடகை வீட்டில் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் குடியிருந்தோம். வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நண்பன்தான் அதில் லினக்ஸ் போட்டுத் தந்தான். "காசும் கிடையாது, வைரஸும் கிடையாது மாப்ள" என்றான். பேச ஆளும் கிடையாது என்பதை அவன் சொல்லவில்லை.

அவளுடைய அறையில் கூடத் தங்கியிருந்தவர்கள் அதிகம். போனில் மனம்விட்டுப் பேச முடியாது. அதனால் பேசிப் பதிவு செய்து மெயிலில் அனுப்புவதாக ஏற்பாடு. சென்டரில் ஊரே உட்கார்ந்திருக்கும். அங்கே கேட்கக் கூச்சப்பட்டு, பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் பதிவைத் திறந்தபோது, எதில் திறக்கட்டும் என்று கேட்டது கம்ப்யூட்டர். எனக்குத் தெரிந்தது எழுதுகிற செயலி ஒன்றுதான். வேலை பார்த்த உரக்கடைக்கு அதில்தான் விலைப்பலகை அடிப்பேன். அதையே காட்டினேன். கீழே, 'இந்த வகைக் கோப்பை எப்போதும் இதிலேயே திற' என்று ஒரு கட்டம். ரேஷன் கார்டுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் ஃபாரம் நிரப்பியே வளர்ந்தவன், கட்டத்தைக் கண்டால் சும்மா விடுவேனா? டிக் போட்டேன். திரை முழுக்கக் கிறுக்கல்.

"கேட்டீங்களா?" என்றாள் போனில்.

"எங்கிட்டுக் கேக்குறது? ஃபைலு கெட்டுப்போயி வருது. எறும்பு ஊருன மாதிரி இருக்கு."

"மறுபடி அனுப்புறேன். இந்த வாரத்துக்குள்ள நீங்க பதில் சொல்லணும்."

"இப்பவே சொல்லேன்."

"பக்கத்துல ஆளுக இருக்காங்கங்க."

மறுபடி வந்ததிலும் எறும்பு. அதற்கடுத்ததிலும் எறும்பு, கொஞ்சம் குறைவாக.

ஞாயிற்றுக்கிழமை நண்பனைக் கூட்டி வந்தேன். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே, குரலைக் கொண்டுபோயி எழுத்துல தொறந்தா எப்புடிக் கேக்கும்? நீ சொன்னதத்தான அது செய்யிது!" வலது பக்கம் க்ளிக் செய்து, பாட்டுக் கேட்கும் செயலிக்கு மாற்றினான். "நீ கேளு. நான் வாரேன்" என்று கிளம்பிவிட்டான்.

வரிசையாகக் கேட்டேன்.

"ஒப்பந்தத்த இன்னும் ரெண்டு வருசம் நீட்டச் சொல்றாங்க. எனக்கு இங்க இருக்க ஏலல. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, வந்துர்றேன்" என்று முதலாவதில் சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டாவதிலும் அதேதான், சிரிப்பு மட்டும் இல்லை. மூன்றாவதில், "ஒன்னுமில்லங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அன்றைக்கே போன் போட்டேன்.

"எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"மொதல்ல அனுப்புனதயுமா?"

"அதையும்தான்."

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"வேணாம்னுதான்."

"ம்." பின்னால் யாரோ மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்றாள்.

"ஊறுகாய்தான். அந்தப் பாட்டிலயும் நானேதான் தொறந்தேன்" என்றேன்.

சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.