ஜம்போலாச் சுளை

என் கணவர் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. நான் அதே தோட்டத்துப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அவருக்குக் கொலஸ்ட்ரோல் கூடியபோது, கிளினிக்கில் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழாக்கும் பெருமையும் எனக்கே வந்தது. இந்தக் குளிசையை, அதாவது மாத்திரையை, போடுகிற காலம் முழுக்க கிரேப் ஃப்ரூட் வேண்டாம் என்றார் டாக்டர். "திராட்சை திங்கக்கூடாதாம்" என்றேன். கிரேப் என்றால் திராட்சை, ஃப்ரூட் என்றால் பழம். இதிலென்ன சந்தேகம்?

அன்றிலிருந்து திராட்சைக்கு எங்கள் வீட்டில் தடை. ஒரு கல்யாண வீட்டில் அவர் தட்டிலிருந்த நான்கு திராட்சையை எல்லோர் முன்னாலும் பறித்தேன். பழமே இல்லாமல் போகக்கூடாதே என்று குவாட்டர்ஸுக்குப் பின்னால் காய்த்துத் தொங்கிய ஜம்போலாவைத் தினமும் பின்னேரம் உரித்து, வெள்ளைத் தோலும் நீக்கி, சுளை சுளையாக நீட்டினேன். இந்தியாவில் பம்பளிமாஸ் என்பார்களே, அதுதான்.

இரண்டு மாதத்தில் அவருக்குத் தொடையும் கெண்டைக்காலும் வலித்தன. மலை ஏற முடியாத கங்காணிக்கு வேலை ஏது? "சோம்பல் வந்திருச்சு ஒங்களுக்கு" என்று கேலி செய்தேன். ஒரு காலையில் சுவரைப் பிடித்து எழுந்தார். அப்போதுதான் பயந்தேன்.

இந்த முறை தமிழ் டாக்டரம்மா. நான் டீச்சர் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"என்ன பழம் சாப்பிடுறாரு?"

"திராட்சையத் தொடவே விடல டாக்டர். தினமும் ஜம்போலாதான்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஐயோ டீச்சர், கிரேப் ஃப்ரூட் திராட்சை இல்ல. அது ஜம்போலாவோட சாதி. ரெண்டுமே சில குளிசைகள ரத்தத்துல கூட்டிவிட்ரும், தசை நோகும். திராட்சை, வாழைப்பழம், பப்பாசி எல்லாம் சாப்பிடலாம். குளிசைய மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க."

ரத்தம் சோதித்து, வேறு குளிசை எழுதினார். வலி மெல்லக் குறையும் என்றார்.

வீடு திரும்பும் பூண்டுலோயா பஸ்ஸில் கணவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிழை திருத்துகிறவள் நான். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்பாடா, இனி அதத் திங்க வேணாம்" என்றார். "எனக்கு அந்தக் கசப்பு புடிக்கவே புடிக்காது."

"பின்ன ஏன் தின்னீங்க?"

"ஸ்கூல் விட்டுக் களைச்சு வந்து, ஒக்காந்து உரிச்சியே. எப்படி வேணாங்கிறது?"

வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தத்தான் நினைத்தேன். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் அழுகைதான் வந்தது.