வயசோடு நூறு

“மல்லி எழுநூறு, எழுநூறு, எழுநூத்தம்பது!” என்று கூவிக்கொண்டே, கேட்காமல் என் கையைப் பிடித்துப் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார் சண்முகையா. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். மகள் வாங்கித் தந்த பிரஷர் மிஷின் தராசுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பூ வாங்க வருகிற யாரும் அதற்குத் தப்ப முடியாது.

“நூத்தி முப்பத்தெட்டு. உமக்கு வயசு நாப்பத்திரண்டு, கூட நூறைப் போடும். இன்னும் நாலு பாக்கி கிடக்கு வே, தைரியமாப் போரும்.”

வயதோடு நூறைக் கூட்டு, அதுவரை போகலாம் என்பது அவர் வைத்தியம். கீழே தெரியும் எண்ணைக் கேட்டால், “அது சில்லறை, கண்டுக்காதீரும்” என்பார். அவருக்கு அறுபத்தொன்று. நூற்று அறுபது காட்டினால், “ஒண்ணு குறைச்சல்தான்” என்று மீசையைத் தடவிக்கொள்வார். அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

போன மாதம் அவர் மகள் பொன்மணி, ஏழு மாதக் கர்ப்பிணி, தலைவலி என்று கடையில் வந்து உட்கார்ந்தாள். மிஷின் நூற்றைம்பது காட்டியது. இருபத்தாறு வயதுக்கு அவர் கணக்கே அதற்கு இடம் தரவில்லை. ஏலத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

“நல்லவேளை, உடனே கூட்டிட்டு வந்தீய,” என்றாள் நர்ஸ் கோகிலா. “பிள்ளைத்தாச்சிக்கு நூத்தி நாப்பதத் தொட்டாலே சும்மா இருக்கக் கூடாது.”

உயிர் வந்தது அவருக்கு. “அப்ப என் கணக்கு சரிதான?”

“வயசக் கூட்டுத கணக்கே கிடையாது அண்ணாச்சி. உங்களுக்கும் நூத்தி நாப்பது கூடுதல்தான். கீழ உள்ளது தொண்ணூறத் தொட்டாலும் டாக்டரப் பாக்கணும். கையக் காட்டுங்க.”

“இல்லம்மா, நான் என்ன சொல்லுதேன்னா...”

“பேசுனா ஏறிக் காட்டும். வாய மூடிக்கிட்டு இருங்க.”

மூடிக்கொண்டு இருந்தும் அது இறங்கவில்லை. டாக்டர் இருவருக்கும் மாத்திரை எழுதித் தந்தார். கட்டிலில் இருந்து பொன்மணி சொன்னாள்: “நீங்க மாத்திர போட்டாத்தான் நானும் போடுவேன்ப்பா.” அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். இருவரும் போட்டார்கள்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள், தலைவலி இல்லை. தினமும் காலையில் போனில் தன் எண்ணைச் சொல்லி அவருடையதைக் கேட்கிறாள். சில்லறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேற்று ஏலம் தொடங்கும் நேரம். கூடைகள் வந்து இறங்கிவிட்டன. சண்முகையா முதுகைச் சாய்த்து, பட்டை சுற்றிய கையை மேஜைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, பிச்சி என்ன விலை?” என்று ஒரு வியாபாரி கத்தினார்.

சண்முகையா மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார்.