மகளுக்காக மாறிய அடுப்படி

ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு எங்கள் வீட்டில் என் பொறுப்பு. மற்ற நாட்களில் மனைவி என்னை அடுப்பங்கரைப் பக்கம் அண்டவிடமாட்டாள். ஞாயிறு மட்டும் தென்னூர்க் கடையில் பிராய்லர் கோழி வாங்கி வந்து, நானே வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து வைப்பேன். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

ஒரு நாள் மகளை ஸ்கூட்டரில் அழைத்து வரும்போது பாலத்தின் மேல் வண்டிகள் நின்றுவிட்டன. எங்களுக்கு முன்னால் கோழி ஏற்றிய லாரி. நல்ல வெயில். கூண்டுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தவை வாயைத் திறந்து மூச்சு வாங்கின. எப்போது வழி கிடைக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிறு குழம்பு ஊற்றப் போனபோது தட்டைக் கையால் மறைத்தாள்.

"எனக்கு வேணாம்ப்பா. ரசம் போதும். நீங்க சாப்பிடுங்க."

கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றாள் மனைவி. ஆகவில்லை. மகள் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் ரசம் சோறு பிசைய, என் குழம்பு எனக்கே ருசிக்காமல் போயிற்று. கொள்கை என்று எனக்கு எதுவும் கிடையாது. அவள் என் குழம்பைச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் துறையூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், தன் ஊரில் ஒரு பெண்மணி வயலிலும் கொல்லையிலும் மேயவிட்டுக் கோழி வளர்ப்பதாகச் சொன்னார். அப்படி வளர்ந்த கோழியென்றால் சாப்பிடுவாயா என்று மகளிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சரியென்று தலையாட்டினாள். அடுத்த விடுமுறையில் பஸ் ஏறினேன். கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த கோழியைக் காட்டி அதைக் கேட்டேன். அந்த அம்மா தரவில்லை.

"அது அடைகாக்குதுங்க. குஞ்சு பொரிச்சு, அதுக தானா மேயுற வரைக்கும் தாயைத் தரமாட்டேன். வேற பாருங்க."

ஒரு சேவலோடு வந்தேன். கறி லேசில் வேகவில்லை. பசியில் மூவரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். அன்று மகள் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக மாறியது. முட்டையும் துறையூரிலிருந்தே வந்தது. மலைக்கோட்டைக் கடைவீதியில் செக்கு எண்ணெய் பிடித்தோம். உரமும் மருந்தும் அடிக்காமல் விளைந்த சிவப்பரிசி வந்தபோது மனைவி என்னைத் திட்டினாள். ஊறப்போட மறந்தால் மறுநாள் யாருக்கும் சோறில்லை. பிறகு அவளே அக்கம்பக்கத்தில் அந்த அரிசியைப் புகழ ஆரம்பித்தாள்.

கடைசியாக மாறியது பால். ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே பசு வைத்திருக்கும் ஒரு குடும்பம். காலையில் பாலம் தாண்டிப் போய் வாங்கி வருவேன். கன்று வயிறாரக் குடித்த மிச்சம்தான் மற்றவர்களுக்கு. "இன்னிக்கு கன்னுக்குட்டிக்கே சரியாப் போயிடுத்து" என்று சில நாள் அந்த வீட்டு மாமி சொல்வார். அன்றைக்குக் கடுங்காப்பி.

அந்தப் பாலில் காப்பி குடிக்க மகள் இல்லை. அதற்குள் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போய்விட்டாள். வீடு முழுதாக அவள் நினைத்தபடி மாறியபோது அதில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

"இங்க எந்தக் கோழி எப்படி வளந்துச்சுன்னு யாரைப்பா போய்க் கேக்கிறது? காய்கறியே போதும்னு விட்டுட்டேன்" என்றாள் ஒரு நாள் போனில். பிறகு, "உங்க குழம்பு வாசனை மட்டும் திடீர் திடீர்னு வருது" என்றாள். அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன்.

போன மார்கழியில் லீவுக்கு வந்தாள். கோழி வாங்க நானும் வருகிறேன் என்று துறையூருக்குக் கூடவே கிளம்பினாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பாப்பாவுக்குத்தான் இத்தனை நாளும் வாங்கிட்டுப் போனீங்களா?"

சொல்லிக்கொண்டே ஒரு கோழியைப் பிடித்து அவள் கையில் கொடுத்தார். மகள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதன் உடம்புச் சூட்டை அவள் அதற்குமுன் அறிந்ததில்லை. நெடுநேரம் நின்றுவிட்டு மெல்லத் தரையில் விட்டாள்.

"இன்னிக்கு வேணாம்ப்பா. முட்டை வாங்கிட்டுப் போலாம்."

எனக்கு ஏமாற்றம்தான். எத்தனையோ மாதமாக அந்த ஒரு சட்டிக் குழம்பை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கூடையில் வைக்கோல் பரப்பி முட்டைகளை அடுக்கித் தந்தார். அதே மசாலாவில் முட்டைக் குழம்பு வைத்தேன். மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். விமானம் ஏறும் நாள்வரை தினமும் அதையே கேட்டாள்.

இப்போது ஞாயிறுதோறும் முட்டைக் குழம்புதான். இருவருக்குச் சின்னச் சட்டி போதும். ஆனாலும் கை பெரிய சட்டிக்குத்தான் போகிறது. போன வாரம் குழம்பு கொதிக்கும்போது வீடியோவில் வந்தாள். அங்கே அப்போதுதான் காலை.

"போனைக் கொஞ்சம் கிட்ட காட்டும்மா" என்றாள் மகள்.

மனைவி சட்டிக்கு மேலே பிடித்தாள். ஆவி படிந்து மகள் முகம் மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். மறுபடி மங்கியது. எங்களுக்குப் பசி நேரம். அவளுக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரமும் இல்லாத நாள். குழம்பு சுண்டி எண்ணெய் பிரியும்வரை யாரும் போனை வைக்கவில்லை.